ஆர்பிஐ கூட்டத்தில் என்ன கேட்பது? வீட்டில் வேலை செய்யும் பட அட்டை பள்ளியில் செய்வதில்லை

பிறை_அம்மா:
மகனுக்கு 8 வயது, ஆட்டிசம். தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். தாகம் எடுத்தால் வீட்டில் தண்ணீர் அட்டையை எடுத்து நீட்டுகிறான்; பள்ளியில் அழுகைதான். அடுத்த வாரம் ஆர்பிஐ (அவனுக்கென்று எழுதும் தனிநபர் கல்வித் திட்டம்) கூட்டம். தைப்பூசமும் வருகிறது.

சிறப்புக்கல்வி_ஆசிரியை:
முதலில் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அம்மா. வீட்டில் இருப்பது அவன் குப்பியின் புகைப்படம், வகுப்பில் இருப்பது கோட்டுப்படம் என்றால் அவனுக்கு அவை இரண்டு வேறு பொருள். பயிற்சி மையத்தில் ‘வாட்டர்’, வகுப்பில் மலாயில் ‘ஆயிர்’, வீட்டில் ‘தண்ணி’ என்பதும் இதே சிக்கல். ஒரே படத்தை மூன்று பிரதி எடுங்கள்: வீட்டுக்கு, வகுப்புக்கு, பைக்கு. 5 செ.மீ. சதுரம் போதும், லேமினேட் செய்து வெல்க்ரோ ஒட்டுங்கள். எல்லாரும் சொல்ல வேண்டிய ஒரே சொல்லைப் பின்புறம் எழுதுங்கள். எந்த மொழி என்றால், பாட்டிக்கும் வருகிற மொழி. ஐந்தாறு அட்டையோடு தொடங்குங்கள்.

அட்டை ஆசிரியர் மேசை டிராயரில் கிடந்தால் எதுவும் நடக்காது. அவன் கைக்கு எட்ட வேண்டும், நீட்டியதும் தண்ணீர் கிடைக்க வேண்டும். ‘கொஞ்சம் பொறு’ என்பதை அப்புறம் கற்றுக்கொடுக்கலாம்.

புக்கிட்_மெர்தாஜாம்_தாத்தா:
ஆர்பிஐயில் ‘தொடர்பாடல் மேம்படும்’ என்று இருந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். அதை யாரால் எண்ண முடியும்? ‘5 நாளில் 4 நாள், யாரும் சொல்லாமலே தண்ணீர் அட்டையை நீட்டுவான்’ என்றால் எண்ணலாம். மாணவர் நிர்வாக உதவியாளரையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். சிற்றுண்டிச்சாலையிலும் கழிவறையிலும் பையனோடு இருப்பவர் அவர்தானே.

பள்ளியும் வீடும் மாறி மாறி எழுதும் தொடர்புப் புத்தகத்தில் ‘இன்று அடம்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘10.05, மணி அடித்தது, காதைப் பொத்தினான், மேசைக்கடியில் 6 நிமிடம்’ என்று எழுதினால் இரண்டே வாரத்தில் காரணம் தெரிந்துவிடும். மணிதான் காரணம் என்றால் 5 நிமிடம் முன்பே ஓய்வுக்கு அனுப்பலாம். வீட்டார் எழுத வேண்டியது தூக்கம், சாப்பாடு, புது மருந்து. அவ்வளவே.

தண்ணீர்மலை_தொண்டர்:
தைப்பூசத்தில் மக்கள் கூட்டத்தைவிடத் தண்ணீர்ப்பந்தல் ஒலிபெருக்கிதான் இந்தப் பிள்ளைகளை வாட்டும். கூட்டமில்லாத நாளில் ஒருமுறை அழைத்துப் போய் வழியை வரிசையாக 6 படம் எடுங்கள். கடைசிப் படம் வீடாக இருக்கட்டும். அதே படங்களை வகுப்பிலும் ஒரு வாரம் காட்டச் சொல்லலாம். தெரிந்த பந்தல்காரரிடம் ஒலிபெருக்கிக்குப் பின்பக்கம் இரண்டு நாற்காலி கேட்டு வையுங்கள், மறுக்கமாட்டார்கள்.

பிறை_அம்மா:
பார்த்தேன். பள்ளியில் கோட்டுப்படம்தான், வீட்டில் நீலக் குப்பி! வெல்க்ரோவில் சொரசொரப்பான பக்கம் அட்டையிலா, அட்டையை ஒட்டிவைக்கும் பலகையிலா?

சிறப்புக்கல்வி_ஆசிரியை:
பலகையில். தொட்டால் உறுத்தும் என்பதால் அட்டைக்கு மெத்தென்ற பக்கம். பள்ளியில் ஏற்கெனவே மாற்றி ஒட்டியிருந்தால் வீட்டிலும் அப்படியே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வீட்டு அட்டை பள்ளிப் பலகையில் நிற்காது.