தாலின் மதிலும் கீக் இன் டே கோக் கோபுரமும்: பார்த்ததில் மறக்காதது எது?

கோட்டைப்பிரியன்:
எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் உள்ள இந்தக் கீக் இன் டே கோக் கோபுரத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1475 வாக்கில் தொடங்கியது, 38 மீட்டர் உயரம், 4 மீட்டர் கனச் சுவர். கண்ணைவிட்டு அகலாதது வெளிச்சுவரில் பதிந்திருக்கும் ஒன்பது பீரங்கிக் குண்டுகள்தான். 1577-ல் ரஷ்யப் படை முற்றுகையிட்டபோது வந்தவை. மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். சுவர் அசையவே இல்லை!

மதில்வழி:
அசையவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது சார். அதே முற்றுகையில் மேல்தளத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. நகரம் பிடிபடவில்லை, அது வேறு விஷயம். வட்டச் சுவரில் குண்டு சாய்வாகப் பட்டால் வழுக்கி விலகும்; நேராகப் பட்டால் முழு அடியும் கல்லுக்குத்தான். மண் அடியை வாங்கிக்கொள்ளும், கல் சிதறும். அதனால்தான் பின்னால் மண் கொத்தளங்கள் வந்தன. அந்த வேலையில் கோபுரத்தின் கீழ் இரண்டு தளங்கள் மண்ணுக்குள் போயின. கோபுரத்தில் பீரங்கி சுடுவதற்கு 27 துளைகள், கைத்துப்பாக்கி சுடுவதற்கு 30 துளைகள். அவற்றைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

சுண்ணாம்புச்சாந்து:
இருவரும் குண்டைவிட்டு நகரவில்லை. இந்தச் சுவருக்கு இன்றைய எதிரி பனி. நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். அடுக்கடுக்கான சுண்ணாம்புக்கல் தகடு தகடாக உரியும். பழைய மதில் எதிலாவது கற்களுக்கு இடையே உள்ள சாம்பல் நிறச் சந்து மட்டும் துருத்தி நிற்க, சுற்றியுள்ள கல் குழிந்திருந்தால், பெரும்பாலும் சிமென்ட் பாயிண்டிங்தான் (சந்தைச் சிமென்டால் அடைப்பது) காரணம். ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகப் போகிறது, உப்பும் கல்லிலேயே தங்குகிறது.

சந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய சாந்தைச் சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்ட வேண்டும். மெஷின் போட்டால் கல்லின் விளிம்பு போய்விடும். தூசியைக் கழுவிச் சுவரை நனையுங்கள். காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் சாந்து பொடிந்து உதிரும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த கூர்மணல் 3 பங்கு. ஆழமான சந்தை ஒரே தடவையில் அடைக்காதீர்கள், வெடிக்கும். பிறகு சில நாட்கள் ஈரச்சாக்கு தொங்க வேண்டும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் பருவத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கோட்டைப்பிரியன்:
ஓட்டை விஷயத்தில் மதில்வழி சொல்வது சரி. போகிறவர்கள் நுன்னா, சவுனா, குல்ட்யலா கோபுரங்களை இணைக்கும் மதில்நடையிலும் ஏறுங்கள். தாலினின் பழைய கோபுரங்கள் பலவும் குதிரைலாட வடிவம், நகரத்துப் பக்கம் திறந்தே இருந்தவை. எதிரி பிடித்தாலும் உள்ளே ஒளிந்து நகரத்தைச் சுட முடியாது.