பெரிய வீடு குழு: அம்பாசிடர் பம்பு வேலை

செந்தில்: [படம்] மாமா, பெரியப்பாவின் அம்பாசிடரில் டீசல் பம்பு எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்குகிறது. பம்பைக் கழற்றிவிடட்டுமா?

சண்முகம் மாமா: முதலில் கையை எடு மாப்பிள்ளை. கழற்றினால் டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம், சரியாக வைத்துப் பூட்ட வேண்டும். பக்கத்துத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது?

செந்தில்: டிபிஏ.

சண்முகம் மாமா: சரி, ஒரே ரோட்டர் சுற்றி எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் வகை, எனக்குப் பழகின பம்புதான். நன்றாகத் துடைத்துவிட்டு ஓடவிட்டுப் பார். கசிவு பைப் நட்டிலா, ஆக்சிலரேட்டர் லீவருக்கு அடியிலா?

செந்தில்: லீவருக்கு அடியில். தண்டைச் சுற்றி வருகிறது.

பெரியப்பா: ரொம்ப நாளாகவே அப்படித்தான். ஓடும்போது ஒரு குறையும் இல்லை.

சண்முகம் மாமா: ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும் அண்ணே, டீசல் வெளியே வரும். நிறுத்தியதும் அதே வழியில் காற்று உள்ளே போய், டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். செந்தில், டேங்கு லைன் கிளிப்புகளையும் முடுக்கிவிடு. ஒரு கிளிப்பு லூசானதற்குப் பம்பையே பிரித்தவர்கள் உண்டு.

கவிதா: இப்போதைய டீசல் பழைய வண்டிக்கு ஆகாது என்கிறார்களே மாமா?

சண்முகம் மாமா: பாதி உண்மை. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6 டீசல், புகை மாசு குறைக்க வந்த தரம். கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான். கந்தகத்தை எடுக்கும்போது ரப்பரை உப்பவைக்கும் சமாச்சாரமும் குறைகிறது. தண்டைச் சுற்றியிருக்கும் பழைய ஓரிங், அந்த ரப்பர் வளையம், சுருங்கிவிடும். டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் ஓரிங் போட்டால் போதும். வழவழப்புக்கு ரிஃபைனரியிலேயே மருந்து சேர்த்துவிடுகிறார்கள், டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுவதெல்லாம் வீண்.

பெரியம்மா: என் இட்லித் தட்டு எங்கே?

செந்தில்: நட்டு, வாஷரெல்லாம் குழி குழியாகப் பிரித்து வைக்க வசதியாக இருந்தது பெரியம்மா 🙏

பெரியம்மா: இனி உனக்கு அதில்தான் இட்லி.

சண்முகம் மாமா: 😂 மேல்கவரைத் திறக்கும் முன் பம்பை டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவு. ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள். ஓட்டை மாறினால் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கணக்கே மாறிவிடும். பின்பக்கம் ஹைட்ராலிக் ஹெட், அதற்குள் சுற்றும் ரோட்டர், இரண்டையும் பிரிக்கவே கூடாது. இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை, இடைவெளி மைக்ரான் கணக்கு. ஒரு மணல் துகள் போனாலும் பிடித்துக்கொள்ளும். அது பம்பு கடை பெஞ்சில் செய்கிற வேலை. சீல் வைத்த ஸ்க்ரூவையும் தொடாதே.

செந்தில்: [படம்] பழைய ஓரிங். வளைத்தேன், பட்டென்று உடைந்தது.

சண்முகம் மாமா: அதேதான் நோய். புதியதில் சுத்தமான டீசல் தடவி மெதுவாக இறக்கு, விளிம்பில் வெட்டுப்பட்டால் மறுபடி கசியும். கவரை மூடும்போது ஸ்டாப் லீவரின் அடிமுனை உள்ளே இருக்கும் பட்டையின் காடியில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் இன்ஜினை நிறுத்த முடியாது. அதனால் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு ஆள் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குக் காற்று போகும் வாயை அடைக்கப் பலகையோடு பக்கத்தில் நிற்கட்டும். துணியோ கையோ வேண்டாம், இழுத்துக்கொள்ளும்.

பெரியப்பா: பலகையோடு நான் நிற்கிறேன்.

செந்தில்: மூடிவிட்டேன். டேங்கிலிருந்து டீசல் ஏற்றும் ஃபீட் பம்பின் கைநெம்பு லொடலொடவென்று ஆடுகிறது மாமா, டீசலே ஏறவில்லை.

சண்முகம் மாமா: ஃபீட் பம்பைத் தள்ளும் கேம் அதன் மேட்டில் நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்றுத் திருப்பு, பிடிப்பு வந்துவிடும். முதலில் ஃபில்டரில் காற்றெடு, அடுத்து பம்பு ஹெட்டின் வெளியே இருக்கும் காற்று ஸ்க்ரூ, அப்புறம் மேல்கவர் காற்று ஸ்க்ரூ. நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விடாதே. கடைசியில் இரண்டு நாசில் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடி. அங்கே மட்டும் விரலை வைத்துப் பார்க்காதே. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினது மாதிரிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

செந்தில்: [வீடியோ] வந்துவிட்டது! முதலில் மூன்று சிலிண்டரில் தடதடத்தது, இப்போது நாலும் பிடித்துவிட்டது. ஸ்டாப் லீவரை இழுத்தால் இன்ஜினும் நிற்கிறது.

பெரியப்பா: ஐட்லிங் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

சண்முகம் மாமா: இன்ஜின் சூடானதும் ஐட்லிங் ஸ்க்ரூவில் குறைக்கலாம், அது வீட்டு வேலைதான். கசிவு நின்றதா என்று பார்க்க, லீவர் அடியில் பேப்பர் வைத்து ராத்திரி விட்டுவிடு.

பெரியப்பா: அப்போ வெள்ளிக்கிழமை பழனி?

சண்முகம் மாமா: நாளைக் காலை ஒரே செல்ஃபில் எடுக்கட்டும் அண்ணே, அப்புறம் சொல்கிறேன்.