அல்ஜினேட் மணிகள் மூன்றாம் நாளே குழைகின்றன, ஐலெட்டின் நடுவும் கருக்கிறது: பாலிலைசின் பூசலாமா?

கூழ்மணி (பெங்களூரு):
வணக்கம். எலிக் கணையத்தின் ஐலெட்டுகளை (இன்சுலின் சுரக்கும் செல் திரள்கள்) அல்ஜினேட்டில் (கடற்பாசிக் கூழ்) பொதிந்து, சர்க்கரை நோய் வரவழைத்த சி57பிஎல்/6 வகைச் சுண்டெலிகளின் வயிற்றறையில் வைக்கிறோம். செய்முறை: 1.8% சோடியம் அல்ஜினேட், 30 கேஜ் ஊசி, சொட்டை இழுக்க 6 கிலோவோல்ட் மின்னழுத்தம். கீழே 0.9% உப்புநீரில் கரைத்த 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, அதில் 10 நிமிடம். பிறகு பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புநீர்) 3 முறை கழுவி, ஆர்பிஎம்ஐ 1640 வளர்ப்புநீரில் (மீடியம்) 37 டிகிரியில் வைக்கிறோம். மணி சுமார் 500 மைக்ரான்.

பாதி மணிகளுக்கு வால் இருக்கிறது. மூன்றாம் நாள் 620 மைக்ரானுக்கு ஊதி, பிப்பெட்டில் எடுத்தாலே உடைகிறது. பெரிய ஐலெட்டுகளின் நடுப்பகுதி கருத்து, இறந்த செல்லைக் காட்டும் புரோபிடியம் அயோடைடு சாயம் போட்டால் சிவப்பாகிறது. 4 வாரம் கழித்து வெளியே எடுத்தால் மணிகள் வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வருகின்றன. பாலிலைசின் (நேர்மின்னூட்டமுள்ள பாலிமர்) பூசினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள் இங்கே. உண்மையா?

முட்டைத்தட்டு:
பாலிலைசினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மணியைக் குழைப்பது உங்கள் கழுவுநீரும் வளர்ப்புநீரும்தான்.

அல்ஜினேட்டில் குலுரோனிக் அமிலத் தொடர்கள் இருக்கின்றன. இரண்டு தொடர்கள் எதிரெதிரே நின்று, முட்டைத் தட்டில் முட்டை உட்காருவதுபோல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் ஜெல். பிபிஎஸ்ஸில் கால்சியம் கிடையாது, சோடியமும் பாஸ்பேட்டும் ஏராளம். சோடியம் கால்சியத்தை இடம்பெயர்க்கும், பாஸ்பேட் அதை வெள்ளைப் பொடியாக இழுத்துக்கொண்டு போகும். மூன்று முறை கழுவினால் மூன்று முறை பிடுங்குகிறீர்கள். மிச்சத்தை ஆர்பிஎம்ஐ முடித்துவைக்கிறது: அதில் கால்சியம் 0.42 மில்லிமோலார்தான், பாஸ்பேட்டோ சுமார் 5.6. சிஎம்ஆர்எல் 1066 என்ற வளர்ப்புநீரில் கால்சியம் 1.8, ஐலெட்டுக்கும் ஏற்றது. அதற்கு மாறுங்கள். ஆர்பிஎம்ஐயை விடவே முடியாது என்றால் லிட்டருக்கு 1.4 மில்லி 1 மோலார் கால்சியம் குளோரைடை, கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கலங்கிவிடும்.

கழுவுநீர்: 0.9% உப்பு, பிஹெச்சை நிலையாக வைக்கும் ஹெப்பிஸ் 10 மில்லிமோலார், 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, பிஹெச் 7.4.

இன்னொரு பிழையும் இருக்கிறது. 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு தனியாகவே கிட்டத்தட்ட 300 மில்லிஆஸ்மோல் (ஊடுபரவல் செறிவு). அதை உப்புநீரில் கரைத்தால் 600-ஐ நெருங்கும். அதில் 10 நிமிடம் கிடந்த செல் சுருங்கிப்போகும். டைஹைட்ரேட் என்றால் லிட்டருக்கு 14.7 கிராம், தூய நீரில், 10 மில்லிமோலார் ஹெப்பிஸோடு. உப்பு வேண்டாம். இந்த அளவு மணிக்கு 5 நிமிடமே போதும்.

பூந்திக்கரண்டி:
வால் பத்தி மட்டும் சொல்றேன். பூந்தி தேய்க்கிற மாதிரிதான் இதுவும். கரண்டி ரொம்ப கீழ இருந்தா மாவு உருண்டையாகறதுக்குள்ள எண்ணெயைத் தொட்டு வால் விடும், ரொம்ப மேல இருந்தா விழுந்த வேகத்துல தட்டையாகும். ஊசி முனைக்கும் திரவத்துக்கும் 2.5 செ.மீ.ல ஆரம்பிச்சு, அரை அரை செ.மீ. ஏத்திப் பாருங்க. குளியல்ல ட்வீன் 20 (சோப்பு மாதிரிப் பொருள்) 0.01% சேர்த்தா மேற்பரப்பு இழுவிசை குறைஞ்சு, சொட்டு அழகா உள்ள இறங்கும்.

30 கேஜ் ஊசியோட உள்விட்டம் 160 மைக்ரான்தான். 250 மைக்ரான் ஐலெட் அதுல எப்படிப் போகும்? கிழிஞ்சுதான் போகும். குறைஞ்சது 22 கேஜ், மழுங்கின முனை.

செல்லைக் கலக்கறதுக்கு முன்னாடி கால்சியம் இல்லாத ஹெப்பிஸ் உப்புநீர்ல ரெண்டு தடவை அலசுங்க. இல்லேன்னா மீடியத்துல இருக்கற கால்சியமே சிரிஞ்சுக்குள்ள அல்ஜினேட்டைத் திரிய வெச்சிடும், அந்தத் திரிதிரியும் வால்தான். அடியில 100 மைக்ரோலிட்டர் தண்ணி மிச்சம் வெச்சு 1 மில்லி அல்ஜினேட் ஊத்தினா உங்க 1.8% அங்கேயே 1.6% ஆயிடும், கவனம். சிரிஞ்சை நிமிர்த்தி மாட்டினா ஐலெட் எல்லாம் முனைக்கு இறங்கிடும். முதல் மணிகள்ல அஞ்சாறு, கடைசி மணிகள் வெறும் கூழ். ஒரு தடவைக்கு 1 மில்லிக்கு மேல வேண்டாம், 10 நிமிஷத்துல முடிச்சிடுங்க.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு: போர்வெல் தண்ணியில கழுவின கண்ணாடி பாட்டில்ல அல்ஜினேட் கரைக்காதீங்க. காய்ஞ்ச கால்சியப் படலம் போதும், மீன் கண்ணு மாதிரி கட்டி கட்டியா நிக்கும். பிளாஸ்டிக் ட்யூப், சுத்திகரிச்ச தண்ணியில போட்ட கால்சியம் இல்லாத உப்புநீர், ராத்திரி முழுக்க மெதுவா சுத்த விடுங்க. ஆட்டோகிளேவ் பண்ணாதீங்க, சங்கிலி அறுந்து பாகு நீர்த்துடும். 0.22 மைக்ரான் வடிகட்டிதான் வழி.

மூச்சுக்கணக்கு:
நடுக் கருப்பு ஆக்சிஜன் பிரச்சினை. குற்றவாளி மணியின் பருமன் இல்லை, ஐலெட்டின் பருமன். வெற்று ஜெல் ஆக்சிஜனைத் தின்னாது, கிட்டத்தட்டத் தண்ணீர்போலக் கடத்திவிடும். தின்பது செல்தான். உடம்பில் ஐலெட்டுக்குள் ரத்த நாளம் ஓடுகிறது. பிரித்தெடுத்ததும் அது போய்விடுகிறது, 200 மைக்ரானைத் தாண்டிய ஐலெட்டின் நடு பட்டினி கிடக்கிறது. 150-க்குக் கீழானவற்றை மட்டும் பொறுக்குங்கள், அல்லது பிரித்து 100 மைக்ரான் திரள்களாக மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர். காற்றழுத்தம் 685 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். 5% கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் ஆக்சிஜன் சென்னையில் 142 என்றால் இங்கே 127. ஆய்வுக்கட்டுரையில் தப்பித்த ஐலெட் இங்கே தப்பிக்காததற்கு இந்தப் பத்து சதவீதமும் ஒரு காரணமாகலாம். மணிகளுக்கு மேல் மீடியம் 2–3 மி.மீ.க்கு மேல் நிற்க வேண்டாம்.

வெளியே வெள்ளையாகப் படர்ந்தது நார்த்திசு. அதற்கு மணி பெரிதாக இருப்பதே நல்லது. 2015-இல் நேச்சர் மெட்டீரியல்ஸில் வெளியான வேலை கிட்டத்தட்ட உங்கள் சோதனையேதான்: எலி ஐலெட், சி57பிஎல்/6 சுண்டெலி. 1.5 மி.மீ. மணிகள் 180 நாள் வரை சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தன, 0.5 மி.மீ. மணிகளைவிட ஐந்து மடங்குக்கு மேல். ரவை அளவிலிருந்து கடுகு அளவுக்குப் போங்கள். ஐலெட் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்பதும் குறையும்.

விலை என்ன தெரியுமா? கொள்ளளவு 27 மடங்கு. மணிக்கு 3 ஐலெட் வைத்து, சுண்டெலிக்கு 500 என்றால் 170 மணி, 0.3 மில்லி. அது தாங்கும். மனிதருக்கு உடல் எடை கிலோவுக்கு 10,000 வீதம் 60 கிலோவுக்கு 6 லட்சம் ஐலெட் போட்டால் 350 மில்லிக்கு மேல் கூழ். இந்த முட்டுச்சந்தை யாரும் இன்னும் முழுசாகத் தாண்டவில்லை.

கூழ்மணி:
எல்லோருக்கும் நன்றி. பிபிஎஸ்ஸை இன்றே நிறுத்துகிறோம். இரண்டு சந்தேகம். கால்சியத்துக்குப் பதில் பேரியம் போட்டால்? எங்கள் அல்ஜினேட் உணவுத்தர டப்பா, அதுவும் நார்த்திசுவுக்குக் காரணமா?

முட்டைத்தட்டு:
இரண்டாவதற்கு: ஆமாம், அநேகமாக அதுதான் முதல் காரணம். மண்டபம் கரையில் எடுக்கும் சர்காசம் பாசியோ வெளிநாட்டுச் சரக்கோ, ஐஸ்கிரீமுக்கு எடுத்த அல்ஜினேட்டில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நஞ்சு), புரதம், பாலிபீனால் எல்லாம் கிடக்கும். உடம்புக்குள் வைக்கும் தரம் என்று தனியாகத் தூய்மைப்படுத்தி விற்பதை வாங்குங்கள், குலுரோனிக் பங்கு 60%-க்கு மேல் இருப்பதாக. எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையில் ஒரு வஞ்சகம் உண்டு: அந்த வினைக்கு இருமின்னூட்ட அயனிகள் வேண்டும், அல்ஜினேட் அவற்றைப் பிடித்துக்கொள்வதால் அழுக்குச் சரக்கும் சுத்தம்போலத் தெரியும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, 50–200% திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை நம்புங்கள்.

பேரியம் நல்லதுதான், பிடி இறுக்கம். 20 மில்லிமோலார், 5% மானிட்டால், 5 நிமிடம். ஆனால் மிச்ச பேரியம் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயில்களை அடைத்து, குளுக்கோஸ் இல்லாமலேயே இன்சுலினைக் கொட்டவைக்கும். 2.8 மில்லிமோலார் என்ற குறைந்த குளுக்கோஸிலேயே இன்சுலின் எகிறினால் செல் ஆரோக்கியம் என்று மகிழாதீர்கள், கழுவல் போதவில்லை. சல்பேட் உள்ள மீடியத்தில் நேராகப் போட்டால் பேரியம் சல்பேட்டாகப் படியும். ஹெப்பிஸ் உப்புநீரில் 4–5 முறை கழுவிய பிறகே மீடியம்.

பாலிலைசின்: 1980-இல் ஐலெட்டைப் பொதிந்த லிம், சன் இருவரும் அதைப் பூசியது ஜெல்லின் துளையைச் சுருக்கவும் வலுவுக்கும். பிணையாமல் மிஞ்சும் நேர்மின்னூட்டம் மேக்ரோபேஜ் எனும் எதிர்ப்புச் செல்களை விருந்துக்கு அழைக்கும். பூசினாலும் 17 கிலோடால்டன் இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் உள்ளே போகத்தான் செய்யும்.

மூச்சுக்கணக்கு:
ஐலெட்டை வீணாக்காதீர்கள். புதிய அல்ஜினேட்டில் வெற்று மணிகளை 3 சுண்டெலிகளில் 2 வாரம் வையுங்கள். பால்ப்-சி வகைச் சுண்டெலியில் வேண்டாம், அதில் நார்த்திசு குறைவாகவே படரும், ஏமாந்துபோவீர்கள். வெற்று மணியே வெள்ளையாக வந்தால் சரக்கில் கோளாறு. தெளிவாக வந்தால் மட்டும் ஐலெட்டைத் தொடுங்கள்.