5 கிராம் நீலக் காப்பர் சல்ஃபேட் எத்தனை மோல்? விடை 0.02ங்குது, தம்பிக்கு 0.03 வருது

பட்டர்வொர்த்_அக்கா:
வணக்கம். தம்பி படிவம் 4, திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி டெஸ்ட், நான் அக்கவுண்ட்ஸ் படிச்சவ, இருந்தாலும் வீட்ல வேற ஆள் இல்லன்னு என்கிட்டதான் வந்து நிக்கிறான். மெக்னீசியம் 4.8 கிராம்னா, ஒரு மோல் 24 கிராம்கறதால 24ஆல வகுத்து 0.2 மோல்னு டக்குனு சொல்லிடறான். ஆனா ஹைட்ரேட்டட் காப்பர் சல்ஃபேட் 5 கிராம் எத்தனை மோல்னு ஒரு கேள்வி. காப்பர் 64, சல்ஃபர் 32, ஆக்சிஜன் நாலு சேந்து இன்னொரு 64, மொத்தம் 160, அதால 5ஐ வகுத்தா 0.03125. பின்னாடி விடை 0.02. புத்தகம் தப்பா இவன் தப்பா?

முக்கோண_மன்னன்:
சிஸ்டர் முக்கோணம் போட சொல்லுங்க லா. மேல ஜிசிம், அதாவது நிறை, கீழ ஒரு பக்கம் மோல், இன்னொரு பக்கம் ஜிசிம் மோலார், அதாவது ஒரு மோலோட நிறை. எது வேணுமோ அத விரலால மறைச்சா வழி தானா தெரியும். எஸ்.பி.எம். பரீட்சைக்கு இது போதும்.

பாலிக்_புலாவ்_வாத்தி:
மன்னா, அந்தப் பையன் வகுத்ததுல ஒண்ணும் தப்பில்ல, 160ங்கறதுதான் தப்பு, முக்கோணம் அத எப்படிக் காட்டிக் கொடுக்கும்?

அக்கா, ஃபார்முலாவ முழுசா பாக்கச் சொல்லுங்கம்மா. சல்ஃபேட்டுக்கு அப்புறம் நடுவுல ஒரு புள்ளி, அதுக்குப் பின்னால 5 தண்ணி இருக்கும். நிறைய பேர் அந்தப் புள்ளியோட படிக்கறத நிறுத்திடறாங்க, இல்லன்னா அத பெருக்கல்னு நெனச்சு 160ஐ தண்ணியால பெருக்கி பெரிய நம்பரா கொண்டு வந்து நீட்டுவாங்க. அது பெருக்கல் இல்ல, கூட்டல். ஒரு தண்ணி 18, அஞ்சு தண்ணி 90, 160ஓட கூட்டினா 250. 5ஐ 250ஆல வகுத்தா 0.02. புத்தகம் சரிதான்.

ஏன் தண்ணிய சேக்கணும்னு கேப்பான். தராசுல வச்ச 5 கிராம்ல தண்ணியும் சேந்துதானே இருக்கு. இங்க டுரியான தோலோடதான் நிறுக்கறோம், கூடைல எத்தனை பழம்னு கணக்குப் போடணும்னா தோலோட ஒரு பழம் எவ்வளவோ அதாலதான் வகுக்கணும், சுளை எடையால வகுத்தா இல்லாத பழமெல்லாம் கணக்குல வந்துடும். உங்க தம்பிக்கு 0.03 வந்தது அப்படித்தான்.

சரிபாக்கவும் சொல்லுங்க. 0.02 மோல் காப்பர் சல்ஃபேட்னா தண்ணி அதுல அஞ்சு மடங்கு, 0.1 மோல், அது 1.8 கிராம். மிச்சம் 0.02ஐ 160ஆல பெருக்கினா 3.2. ரெண்டும் சேந்து சரியா 5. அந்தத் தண்ணிதான் நீல நிறத்துக்குக் காரணம், சூடாக்கினா போயிடும், வெள்ளப் பொடி மிஞ்சும். கேள்வில அன்ஹைட்ரஸ், அதாவது தண்ணி இல்லாததுன்னு போட்டிருந்தா அப்ப 160தான்.

சுங்கை_டுவா_ராணி:
நல்லா சொன்னீங்க சார். நான் டியூஷன் சொல்லித்தர்ற இடத்துல இதவிட ஆக்சிஜன்லதான் பசங்க விழறாங்க. 8 கிராம் ஆக்சிஜன் வாயுன்னா 16ஆல வகுத்து 0.5ங்கறாங்க. வாயுல அது ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால 32, விடை 0.25. அணு எத்தனை மோல்னு கேட்டா மட்டும்தான் 0.5. எதோட மோல்னு கேக்கறாங்கன்னு பாக்காம கால்குலேட்டர தூக்கக் கூடாது.

பட்டர்வொர்த்_அக்கா:
சார் ரொம்ப நன்றி, புள்ளியத்தான் கவனிக்காம விட்டுருக்கான். இவனுக்கு இன்னொண்ணு குடுங்களேன்.

பாலிக்_புலாவ்_வாத்தி:
சோடியம் கார்பனேட், 10 தண்ணியோட, 14.3 கிராம். சோடியம் 23, அது ரெண்டு இருக்கு. கார்பன் 12.

பட்டர்வொர்த்_அக்கா:
106, அப்புறம் 180, ஆக 286. 0.05ன்னு சொல்றான்.

பாலிக்_புலாவ்_வாத்தி:
சரி. பின்னால மோல்னு யூனிட் எழுதச் சொல்லுங்க, அதுக்கு மார்க் வெட்டுவாங்க.