ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் பி0172 போகவில்லை, இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 2012ஆம் ஆண்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்துவந்த வண்டி இரண்டு மாதமாக 11ஐத் தாண்டவில்லை. சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை வருகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனையில் விளக்குக் கரி போலப் படிந்திருக்கிறது. ஸ்கேனரில் பி0172 (எஞ்சினுக்குள் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்ற பிழைக் குறி) வந்ததால் மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். நான்கே நாளில் எஞ்சின் விளக்கு மீண்டும் எரிந்தது. இப்போது இன்ஜெக்டர்களை மாற்றச் சொல்கிறார்.

மறுமொழி 1:
எதையும் மாற்றாதீர்கள். பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று சேதி சொன்னதே அந்தச் சென்சார்தான். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவைக் காக்க, கணினி ஓயாமல் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் வருகிறது; அந்தத் திருத்தமே ஃபியூவல் ட்ரிம். அது சதவீதத்தில் வரும்: மைனஸ் என்றால் பெட்ரோலைக் குறைக்கிறது, பிளஸ் என்றால் கூட்டுகிறது. அந்தந்த நொடியின் திருத்தம் ஷார்ட் டெர்ம்; நாளடைவில் நிலைத்துவிட்ட திருத்தம் லாங் டெர்ம். லாங் டெர்ம் ட்ரிம்மை ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் குறித்து அனுப்புங்கள். கூலண்ட் வெப்பத்தையும் பாருங்கள்: எஞ்சின் சூடான பிறகும் அது 40 டிகிரி என்றே காட்டினால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நம்பிக் கணினி கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
கூலண்ட் காலையில் 27, சூடான பின் 89. ட்ரிம் ஐடிலிங்கில் மைனஸ் 22, 2500இல் மைனஸ் 5.

மறுமொழி 2:
கூலண்ட் சென்சாரை விட்டுவிடலாம். பம்பின் அழுத்தம் மிகுந்திருந்தால் இரண்டு இடத்திலும் ட்ரிம் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருக்கும். ஐடிலிங்கில் மட்டும் இவ்வளவு இறங்குகிறதென்றால், காற்று குறைவாகச் செல்லும் நேரத்தில் கணக்கில் வராத பெட்ரோல் எங்கிருந்தோ உள்ளே போகிறது. ஒழுகும் இன்ஜெக்டரும் இப்படிச் செய்யும். ஆனால் செலவில்லாத சோதனை ஒன்று முதலில் இருக்கிறது. டேங்கின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வின் ஹோஸை, ஐடிலிங்கில் ஓடும்போது இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். பங்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் நிரப்பச் சொல்லும் வழக்கம் உண்டா?

கேள்வி கேட்டவர்:
உண்டு ஐயா; சில்லறைத் தொல்லைக்காக எப்போதும் ரவுண்டாகத்தான் போடச் சொல்வேன். ஹோஸைப் பிடித்ததும் ஷார்ட் டெர்ம் ட்ரிம் உடனே பிளஸ் 16க்குத் தாவியது. லாங் டெர்ம் பிறகு மெல்ல மேலேறி மைனஸ் 4க்கு வந்தது.

மறுமொழி 2:
ஹோஸை அடைத்ததும் ட்ரிம் ஏறியதால், மிகுதிப் பெட்ரோல் பர்ஜ் வால்வு வழியாகத்தான் வந்திருக்கிறது; இன்ஜெக்டரின் மேல் பழியில்லை. வால்வைக் கழற்றி, மின்சாரம் கொடுக்காமல் வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது, போனால் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள், ஆட்டோ கட்டுக்குப் பிறகு நிரப்பும் பெட்ரோல் போய்விடும்; அதைக் குலுக்கும்போது பெட்ரோல் தளும்பினால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயிலின் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்; பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.