மதகு திறந்துவிட்டார்களா?

பெருந்துறைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், நைந்த சதை மேலும் கெடும்.

எங்களுக்குப் பெரும்பாடு பொழுது சாயும் நேரம்தான். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு அப்போது பதற்றம் கூடும். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் பண்ணையம் பார்த்த அப்பாரு ஒருவர் இருந்தார். விளக்குப் போட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவருகே வந்து நிற்பார்.

"அம்மிணி, மதகு திறந்துவிட்டார்களா? மண்வெட்டி எங்கே?"

"தோட்டத்தைத்தான் விற்றாகிவிட்டதே" என்று அவருக்கு நினைவூட்டுவார்கள். ஒவ்வொரு மாலையும் அவருக்கு அது புதுச் செய்தி, புதிதாக அழுவார். உண்மையைச் சொல்கிறோம் என்ற பெயரில் ஒரு மனிதரை இப்படித் தினமும் அழவைப்பது கொடுமை.

நான் பிறந்ததும் வாய்க்கால் கரையோர ஊர்தான். பிரதான வாய்க்காலில் ஒரு பருவத்தில் ஒற்றைப்படை மதகுகளுக்குத் தண்ணீர் விட்டால், மறு பருவத்தில் இரட்டைப்படைக்கு விடுவார்கள். நெல்லுக்கு ஆடி, ஆவணியில் திறப்பது ஒரு முறை; தை பிறக்கும்போது கடலை போன்ற புஞ்சைப் பயிருக்குத் திறப்பது இன்னொரு முறை. அதனால் ஒரு மாலை அவர் மதகைக் கேட்டபோது நான் இப்படிச் சொன்னேன்:

"இந்த முறை நெல்லுத் தண்ணீர் ஒற்றைப்படைக்குங்க அப்பாரு. நம்முடையது எதுங்க?"

கொஞ்சம் யோசித்தார். "இரட்டைப்படை. அப்படியானால் நமக்குக் கடலைத் தண்ணீர்தான். விதைக்கடலை உரித்தாகிவிட்டதா?" கேட்டபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விதைக்கடலையைப் பருப்பு உடையாமல் எப்படி உரிப்பது என்று அவர் சொல்லிக்கொண்டே வர, கொள்ளு ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு முழுவதும் உள்ளே போய்விட்டது.

பவானியில் ஜமக்காளம் நெய்த ஆத்தா ஒருவர் போர்வை நுனியைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். கலர் நூல்களைக் கலந்து கையில் கொடுத்தோம். நிறம் நிறமாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தார்.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்க வரும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருந்துச் சீட்டோடு ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள்: என்ன வேலை செய்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்து பழகியவர்கள், வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், எந்த மதகுத் தண்ணீர்.