மண்ணுல ஓட்டை போடுற நீலப்பட்டை தேனீ, மருந்து ஊத்தணுமா?

சுவரோரம்:
வணக்கம். வீட்டு பின்பக்கம் சன்ஷேடுக்கு கீழ மழை படாத காய்ஞ்ச மண்ணு கொஞ்சம் இருக்கு, அதுல பத்து நாளா பென்சில் நுழையற சைஸ்ல ஏழெட்டு ஓட்டை. எறும்புன்னுதான் நினைச்சேன், உக்காந்து பார்த்தா தேனீ மாதிரி ஒண்ணு, நெஞ்சுல பழுப்பு முடி, வயித்துல பளபளன்னு நீலப்பட்டை, அந்தரத்துல நின்னு நின்னு சட்டுனு உள்ள போயிடுது. சின்ன குழந்தை அங்கதான் விளையாடும். கரையான் மருந்தை ஊத்தி மூடிடுங்கன்னு சொல்றாங்க. கூட்டமா வந்து கொட்டுமா?

கத்தரித்தோட்டம்:
தயவு செஞ்சு ஊத்தாதீங்க! அது நீலப்பட்டை தேனீ, அறிவியல் பேர்ல அமெகில்லா ஸோனாட்டா வகையா இருக்கும், உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1758லயே பேர் வச்ச இனம். இதுல ராணி, வேலைக்காரின்னு யாரும் கிடையாது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தாயோடது, பக்கத்து பக்கத்துல தோண்டுவாங்களே தவிர அவங்கவங்க வீடு தனித்தனி. காப்பாத்த தேன்கூடு இல்லாததால துரத்தி வர்ற பழக்கமும் இல்ல. கையில புடிச்சாலோ மிதிச்சாலோ பொண்ணு தேனீ கொட்டும், அதனால குழந்தைக்காக சுத்தி நாலு செங்கல் வச்சிடுங்க, போதும்.
கத்தரி, தக்காளி வச்சிருக்கீங்களா? அந்தப் பூவுல மகரந்தப்பை முழுசா திறக்காது, உள்ள இருக்கறத உலுக்கித்தான் எடுக்கணும். சாதாரண தேனீக்கு அது வராது. இவ பூவைக் கட்டிப் புடிச்சு உடம்பையே அதிர வைப்பா, அப்ப ரீங்காரம் திடீர்னு உச்சத்துக்குப் போகும், மஞ்சப் பொடி அப்படியே வயித்துல கொட்டும். காலைல பூ பக்கத்துல காதை வச்சுப் பாருங்க.

பூச்சிக்கண்ணு:
அக்கா சொன்னது சரி. ஓட்டைக்குள்ள சின்ன சின்ன அறை கட்டி, தண்ணி இறங்காத மாதிரி உள்பக்கம் பூசி, மகரந்தமும் பூந்தேனும் கலந்து வச்சு, ஒரு அறைக்கு ஒரு முட்டை போட்டு மூடிடும். தாய் இருக்கறது சில வாரம்தான், குட்டிங்க கீழேயே வளரும், அதனால நடமாட்டம் நின்னாலும் அந்த இடத்தை கொத்தாதீங்க. கருப்பு உடம்புல நீலப் புள்ளி போட்ட வேற தேனீ சுத்துனா அது குயில் தேனீ, இதோட அறைல போய் முட்டை போடும், அதையும் விட்டுடுங்க.
சாயங்காலம் காய்ஞ்ச குச்சிகளையும் பாருங்க. ஆணுங்க கூட்டுக்குள்ள தூங்காது.

சுவரோரம்:
மருந்து வேணாம்னு சொல்லிட்டேன், செங்கலும் வச்சாச்சு. நேத்து இருட்டறப்ப துளசிக்குப் பின்னாடி ஒரு பட்டுப்போன குச்சில ஆறு பேர் வரிசையா, வாயால மட்டும் குச்சியைக் கடிச்சுகிட்டு, காலெல்லாம் மடக்கி அப்படியே தூங்குதுங்க!! பாப்பாவ தூக்கி காட்டினேன், மூச்சு விடாம பார்த்துச்சு. அந்தக் குச்சியை வெட்டலாம்னு இருந்தேன், இனி அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல இன்னும் கொஞ்சம் மண்ணை இலை தழை போட்டு மூடாம வெறுமையா விட்டா அங்கயும் தோண்டுமா?

கத்தரித்தோட்டம்:
தோண்டும், மழை நேரா அடிக்காத இடமா, மண்ணு ரொம்ப இறுகாம இருந்தா சரி. கத்தரியையும் கிட்டயே நடுங்க.